அறுவைக் கூடத்தில் நம் பிள்ளைகள்

விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டி, மங்கில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குச் சுமந்து சென்ற அனுபவம் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு உண்டு. பாலை நிறுத்துக் கொடுத்ததோடு அவர்கள் வேலை முடிந்தது. அந்தப் பால் பிறகு எங்கே போயிற்று என்று கேட்டால், "டயர் செய்வார்கள், செருப்புச் செய்வார்கள்" என்பார்கள். உண்மைதான். ஆனால் ரப்பர் பால் இன்னோர் இடத்துக்கும் போகிறது. மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் மருத்துவரின் கையில் மெல்லிய தோல்போல ஒட்டிக்கொண்டிருக்கும் கையுறையாகவும் அது ஆகிறது.

அந்தக் கையுறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1889ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவைக் கூடத்தில் கரோலின் ஹாம்ப்டன் என்னும் தாதி வேலை பார்த்து வந்தார். கிருமி கொல்லும் பாதரசக் கரைசலில் நாள்தோறும் கை கழுவியதால் அவருடைய கைகள் சிவந்து, தோல் புண்ணாகிவிட்டது. வேலையை விட வேண்டிய நிலை. அங்கே தலைமை அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்துக்கு எழுதி, அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்து தரச் சொன்னார். அவ்வழக்கமே பின்னர் உலகெங்கும் பரவியது. அங்கே அக்கையுறையை முதலில் அணிந்தவர் கத்தி பிடித்த மருத்துவர் அல்லர். அவருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தவர்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அப்படிப் பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றித்தான். அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்? அதை எப்படிக் கற்கிறார்கள்? வேலை பார்த்துக்கொண்டே, இயங்கலை வழியாக அதைக் கற்க முடியுமா? நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் இடம் உண்டா? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

அறுவைச் சிகிச்சை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் மருத்துவர் ஒருவரே. ஆனால் அந்த அறைக்குள் ஒரு சிறு படையே இருக்கிறது. வெட்டித் தைப்பவர் அறுவை மருத்துவர். நோயாளியை உறங்க வைத்து, அவர் மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனித்துக்கொண்டிருப்பவர் மயக்க மருத்துவர். மயக்க மருத்துவருக்குக் குழாயும் மருந்தும் எடுத்துக் கொடுத்து, இயந்திரத்தைச் சரிபார்த்து வைப்பவர் ஒருவர். கை கழுவி, தூய அங்கி அணிந்து, கருவிகளை முறைப்படி நீட்டுபவர் ஒருவர். அங்கி அணியாமல் வெளிவட்டத்தில் நின்று வேண்டியவற்றை எடுத்துத் தந்து, கணக்கெழுதுபவர் ஒருவர். சிகிச்சை முடிந்தபின், நோயாளி கண் விழிக்கும்வரை தலைமாட்டில் நிற்பவர் மற்றொருவர். தள்ளுகட்டிலைத் தள்ளிக்கொண்டு வருபவரும், தரையைத் துடைப்பவரும்கூட அந்தப் படையைச் சேர்ந்தவர்களே. இவர்களுள் ஒருவர் தவறினாலும் துன்பப்படுபவர் மேசையில் கிடப்பவர்தாம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சையில் இரத்தத்தை ஒற்றி எடுக்கச் சிறு சிறு துணிகளைப் பயன்படுத்துவார்கள். இரத்தத்தில் நனைந்த துணி உள்ளே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதை உள்ளேயே விட்டுத் தைத்துவிட்டால் சீழ் பிடிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே தொடங்கும் முன்பே துணி எத்தனை, ஊசி எத்தனை, கருவி எத்தனை என்று இருவர் சேர்ந்து வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதுகிறார்கள். வயிற்றின் உட்பகுதியை மூடும் முன் மறுபடியும் எண்ணுகிறார்கள். தோலைத் தைக்கும்போது இன்னொரு முறை எண்ணுகிறார்கள். ஒன்று குறைந்தாலும் மூடுவதை நிறுத்தித் தேட வேண்டும். அத்துணிகளில் எக்ஸ்ரே படத்தில் தெரியும்படி ஓர் இழை கோக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

நம்மிடம் தோட்டப் பள்ளியில் படித்த ஒருவர் இன்று அறுவைக் கூடத்தில் தாதியாக இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததை அவர் நமக்குச் சொன்னார். நோயாளியின் வயிற்றை மூடப் போகும் நேரம். எண்ணிப் பார்த்தால் துணி ஒன்று குறைகிறது. மருத்துவர் மிகவும் மூத்தவர், நேரமும் ஆகிவிட்டது. இவருக்கோ நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும், "ஒன்று குறைகிறது, டாக்டர்" என்று சொல்லிவிட்டார். மருத்துவர் கையை நிறுத்தினார். எல்லோரும் தேடினார்கள். மேசைக்கு அடியில், கால்வைக்கும் படியின் ஓரத்தில் அந்தத் துணி கிடந்தது. "நல்ல வேளை, சொன்னீர்கள்" என்று மருத்துவர் சொன்னாராம்.

கிராணியின் முன்னும் துரையின் முன்னும் வாய் திறவாமல் நின்ற பாட்டனின் பேத்தி அவர். அறுவைக் கூடத்தில் அமைதியாக இருப்பது பணிவு. குறை கண்டும் அமைதியாக இருப்பது குற்றம். இந்த வேறுபாட்டைக் கற்பிப்பதே அப்பயிற்சியின் பாதி எனலாம்.

உலகச் சுகாதார நிறுவனமும் இதையே வலியுறுத்துகிறது. 2008ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 19 குறிப்புகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டுபோகும் முன் என்று மூன்று கட்டங்களில் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இவர் யார்? எந்தப் பக்கத்தில் சிகிச்சை? எந்த மருந்து இவருக்கு ஆகாது? கேள்விகள் இவ்வளவு எளியவைதாம். புதுடில்லி, மணிலா, லண்டன் உள்ளிட்ட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்து, 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். முன்பு 1,000 நோயாளிகளில் 15 பேர் இறந்த இடத்தில், பட்டியலைப் பின்பற்றிய பிறகு 8 பேரே இறந்தனர். புதிய மருந்தோ விலையுயர்ந்த இயந்திரமோ இதற்குத் தேவைப்படவில்லை. ஒருவர் கேட்டார், மற்றவர் மறைக்காமல் பதில் சொன்னார். அவ்வளவே.

கிருமி நீக்கமும் அப்படிப்பட்டதே. வீட்டில் பிரஷர் குக்கரில் பருப்பு ஏன் விரைவில் வேகிறது? அழுத்தத்தில் நீராவியின் சூடு 100 பாகைக்கு மேல் ஏறுகிறது. அறுவைக் கருவிகளைத் தூய்மை செய்யும் ஆட்டோகிளேவ் இயந்திரமும் அதே முறையில்தான் வேலை செய்கிறது. 121 பாகைச் சூட்டில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம் நீராவி பட்டால் கிருமிகள் மடியும். கட்டின்மேல் ஒட்டிய நாடா நிறம் மாறியிருந்தால் அது சூட்டுக்குள் போய் வந்தது என்று அறியலாம். நாடா நிறம் மாறாத கட்டை, அவசரம் என்பதற்காகப் பிரிக்கக் கூடாது. இதைப் புரிந்து செய்பவருக்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டும். கையும் பழகியிருக்க வேண்டும்.

இவ்வேலையை எப்படிக் கற்பது? இதற்கு இங்கிலாந்து நாட்டின் கதை நல்ல பாடம். மயக்க மருந்து வருவதற்கு முன், நோயாளி துடிக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளவும், கருவிப் பெட்டிகளைச் சுமக்கவும் அங்கே கூலி ஆட்களை வைத்திருந்தார்கள். 1846ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் வெற்றி கண்டபின் பிடித்துக்கொள்ளும் வேலை மறைந்தது. ஆனால் கருவிகளும் இயந்திரங்களும் பெருகின. பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள் திறமைசாலிகள் ஆனார்கள். எனினும் அவர்களுக்குச் சான்றிதழ் இல்லை. 1970ஆம் ஆண்டில் லெவின் குழுவின் அறிக்கை, அறுவைக் கூட உதவியாளருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்றது. 2004ஆம் ஆண்டில் அவர்கள் சட்டப்படி பதிவு பெற்ற தொழிலராயினர். பெட்டி சுமந்தவர் வரிசையில் வந்தவர்கள் பட்டம் பெற்ற வல்லுநராக நிமிர்ந்து நிற்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இன்று இங்கிலாந்தில் இப்படிப்பைச் சம்பளம் வாங்கும் வேலையோடு சேர்த்துப் படிக்கலாம். மருத்துவமனை ஒருவரை வேலைக்கு எடுத்து, அவரையே மாணவராகவும் ஆக்குகிறது. கல்விக் கட்டணத்தை மாணவர் கட்டுவதில்லை. உடற்கூறு, மருந்தியல், நோயாளியின் உரிமை, சட்டம் ஆகியவற்றில் பெரும்பகுதியை ஏட்டிலும் இயங்கலையிலும் கற்கலாம். கை கழுவும் முறை, கருவி நீட்டும் முறை, மூச்சுக் குழாய்க்கு உதவும் முறை ஆகியவற்றை மூத்தவர் கண்பார்வையில் அறுவைக் கூடத்திலேயே பழக வேண்டும். பழகிய ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மூத்தவர் பார்த்துத் திருப்தி அடைந்தால்தான் கையொப்பமிடுவார்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்வோம். இயங்கலையில் பாடம் கற்கலாம். கைப்பழக்கம் கற்க முடியாது. வாளிக் கணக்கும் கத்தி பிடிக்கும் கோணமும் படத்தில் பார்த்து வந்தால், மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையைச் சீவ முடியுமா? மரத்தடியில் நின்று, பெரியவர் கையைப் பிடித்துக் காட்டினால்தானே வரும்! அதேபோலக் கைப்பழக்கம் மட்டும் இருந்து, அதன் காரணம் தெரியாதவர் புதிய நிலை ஒன்று வந்தால் திகைத்து நிற்பார். இரண்டும் சேர்வதே வேலையோடு கற்பது.

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் ஐயா இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டவரும், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவரும் அவரே. அவர்களில் பலர் நம்மவர்கள். வேலையிலேயே தொழில் கற்றவர்கள். தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. 1977ஆம் ஆண்டில் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அவ்வரிசையில் வந்தவரையே இன்று உதவி மருத்துவ அதிகாரி என்கிறோம். அனுபவம் பெரிதுதான், ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகே அனுபவத்துக்கு மதிப்பும் பாதுகாப்பும் கிடைக்கின்றன.

இனி நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் இருப்பதுபோல் அறுவைக் கூடத்துக்கென்று தனித் தொழிலர் மலேசியாவில் இல்லை. அவ்வேலையைத் தாதியரும், உதவி மருத்துவ அதிகாரிகளும், பராமரிப்பு உதவியாளர்களும் பகிர்ந்து செய்கிறார்கள். ஆகவே நம் பிள்ளைகளுக்கு வழி இரண்டு கட்டமாக அமைகிறது.

முதற்கட்டம் தாதிமை அல்லது உதவி மருத்துவ அதிகாரி டிப்ளோமா. இரண்டும் மூன்று ஆண்டுப் படிப்பு. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் ஜொகூர் பாருவிலேயே இருக்கின்றன. சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் போன்ற பெரிய மருத்துவமனைகளும் இங்கே இருக்கின்றன. தனியார் கல்லூரிகளும் உண்டு. தாதியாகப் பணிபுரியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெற வேண்டும். அதற்கான சட்டம் 1950ஆம் ஆண்டிலேயே வந்தது. இந்தக் கட்டத்தை இயங்கலையில் மட்டும் முடிக்க வழியில்லை. வார்டில் நின்று கற்றே ஆக வேண்டும்.

இரண்டாங்கட்டம் வேலையில் சேர்ந்த பிறகு வருவது. அறுவைக் கூடத்தில் சில காலம் பணிபுரிந்த தாதி, அத்துறைக்கான மேற்பயிற்சிக்குச் செல்லலாம். பட்டம் பெற விரும்பினால் வேலையை விடாமல் படிக்கலாம். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, மறு ஆண்டில் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஜொகூர் பாருவிலும் அதற்குக் கற்றல் மையம் உண்டு. பதிவு பெற்ற தாதியர் பணியில் இருந்துகொண்டே தாதிமைப் பட்டம் படிக்க அது வழி செய்திருக்கிறது. இரவுப் பணி முடித்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கணினிமுன் உட்கார்ந்து படித்துப் பட்டம் வாங்கிய தாய்மார்கள் உண்டு. அது எளிதன்று, ஆனால் முடியக்கூடியதே.

எஸ்.பி.எம். அளவில் நின்றுவிட்டவர்களுக்குப் பராமரிப்பு உதவியாளர் வேலை ஒரு வாயில். அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். ஆனால் அங்கிருந்து தாதியாக உயர வேண்டுமானால், விட்டுப்போன பாடங்களைத் தனித்தேர்வராக எழுதித் தகுதியை நிறைவு செய்ய வேண்டும். வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுத்து உயர்கல்விக்குச் சேர்க்கும் ஏ.பி.இ.எல். என்னும் திட்டமும் நாட்டில் உண்டு. ஆயினும் தனி வாரியத்தின் கீழ் வரும் தொழில்களில் வாரியம் விதிக்கும் தகுதியே முதன்மையானது.

இப்பொழுது ஒரு வருத்தமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். அதில் நமக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் செம்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள், எஸ்.பி.எம். முடித்தவள், ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். "அறுவைக் கூட உதவியாளர் பயிற்சி, வீட்டிலிருந்தே கைப்பேசியில் படிக்கலாம், ஆறே மாதம், வேலை உறுதி" என்று அதில் இருந்தது. "ஐயா, சேரட்டுமா?" என்று கேட்டாள். நாம் தாளைப் புரட்டிப் பார்த்து, "நல்ல துறைதான், சேர்ந்துகொள் அம்மா" என்று சொல்லிவிட்டோம். யாரிடமும் விசாரிக்கவில்லை. அவள் தாயார் கூட்டுப் பணத்தை எடுத்தார்; போதாததற்குச் சங்கிலியை அடகு வைத்தார். சான்றிதழும் வந்தது. அதைக் கொண்டு இரண்டு மருத்துவமனைகளின் வாசலை மிதித்தாள். "இது எந்த வாரியமும் ஏற்றுக்கொண்ட படிப்பன்று" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் நம்மைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சங்கிலியின் நினைவு வரும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு உறுத்துகிறது. கேட்பவருக்கு ஆம் என்று சொல்வது எளிது. அரை மணி நேரம் விசாரித்துச் சொல்வதே ஆசிரியரின் கடமை.

அன்று செய்யத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்கிறோம். பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, இப்படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா? அப்பதிவேட்டை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பார்க்கத் தெரியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, தாதியர் வாரியமோ மருத்துவ உதவியாளர் வாரியமோ இதை ஏற்றிருக்கிறதா? கல்லூரிக்காரர் வாயால் சொல்வது போதாது. வாரியத்திடமே கேட்க வேண்டும்.

மூன்றாவது, எந்த மருத்துவமனையில், யாருடைய மேற்பார்வையில், எத்தனை வாரம் செய்முறைப் பயிற்சி? இதற்கு நேரான பதில் வரவில்லையானால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். நோயாளியைத் தொடாமல் அறுவைக் கூட வேலை கற்றவர் உலகில் எவரும் இல்லை.

நான்காவது, கட்டணம் எவ்வளவு, கடன் எடுத்தால் எத்தனை ஆண்டு கட்ட வேண்டும், இடையில் நின்றால் பணம் திரும்புமா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

இயங்கலைக் கல்வி நம் தோட்டங்களில் படும் பாட்டையும் நாம் அறிவோம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. லைன் கிடைக்கவில்லை என்று மேட்டில் ஏறி நின்று பாடம் கேட்ட பிள்ளைகளைப் பார்த்தோம். ஆகவே வேலையோடு படிக்கப் போகும் மகளுக்கோ மருமகளுக்கோ வீட்டார் இரண்டு உதவி செய்ய வேண்டும். ஒன்று, படிக்க ஒரு மூலையும் ஒரு மேசையும். மற்றொன்று, அந்த நேரத்தில் அவரைச் சமையலுக்கு அழைக்காமல் இருப்பது. இரண்டாவதற்குச் செலவே இல்லை. ஆனால் பல வீடுகளில் அதுதான் கிடைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்று உண்டு. கூடத்தின் கதவு டிப்ளோமாவில் திறப்பதன்று. இடைநிலைப் பள்ளியிலேயே திறக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட் வேண்டும். ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் 2013ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. மூன்றாம் படிவத்தில் பிள்ளை பள்ளிக்குப் போக முரண்டு பிடிக்கும்போது, "சரி, தொழிற்சாலைக்குப் போகட்டும், சிங்கப்பூர் பக்கம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். இன்று வரும் சம்பளம் கண்ணுக்குத் தெரிகிறது. நாளை மூடப்போகும் கதவு தெரிவதில்லை. அறிவியல் பாடத்தில் பின்தங்கினால் ஆசிரியரிடம் வாருங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

நம்மிடம் வந்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னோமே, அவள் கதை அங்கே முடியவில்லை. கணிதத்தை மறுபடியும் எழுதினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அது நாம் கட்ட வேண்டிய வட்டி என்று எண்ணிக்கொண்டோம். கிரெடிட் கிடைத்தது. இப்பொழுது தாதிமை டிப்ளோமாவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விசாரித்துச் சேர்த்த இடம். சென்ற மாதம் முதன்முறையாக அறுவைக் கூடத்துக்குள் நின்றாளாம். கையுறையை மாட்டும்போது பாட்டியின் பால் வாளி நினைவுக்கு வந்தது என்று சொன்னாள்.

நேயர்களே, நம் முன்னோரின் உழைப்பு அந்தக் கூடத்துக்குள் கையுறையாக எப்போதோ போய்விட்டது. அக்கையுறைக்குள் நம் பிள்ளைகளின் கைகளும் இருக்கட்டும். கற்ற கைகளாக, பதிவு பெற்ற கைகளாக, ஒன்று குறைந்தால் துணிந்து சொல்லும் கைகளாக இருக்கட்டும். அதற்கு இன்றே வீட்டில் பேசுங்கள்.